"செல்லாது" என்று சொல்லும் அதிகாரம் யாருடையது?

ஒரு சட்டம் நடைமுறையிலிருந்து விலகுவதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட வழிகள் இரண்டு உள்ளன. அதை இயற்றிய மன்றமே மனம் மாறி அதை நீக்கலாம். அல்லது அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். முதல் வழியில் சட்டம் அன்றுவரை உயிரோடிருந்து அன்றோடு முடிகிறது. இரண்டாவது வழியில், கோட்பாட்டளவிலேனும், அது பிறக்கவே இல்லை என்று கொள்ளப்படுகிறது. அமெரிக்க அரசியல் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்றையும் உலகுக்குத் தந்திருக்கிறது. ஒன்றியம் முழுமைக்குமாக இயற்றப்பட்ட சட்டத்தை, அந்த ஒன்றியத்தின் உறுப்பான ஒரு மாநிலம், "இது எங்கள் எல்லைக்குள் செல்லாது" என்று தானே அறிவித்துவிடுவதுதான் அது. இதைச் செல்லாததாக்கம் என்று அழைக்கலாம்.

பல ஆண்டுகளாக அமெரிக்க அரசியலமைப்பு வரலாற்றை வாசித்துவரும் எனக்கு, இந்தக் கோட்பாட்டைப் பற்றிய விவாதங்களில் தீராத ஒரு மனக்குறை உண்டு. ஒன்றிய அரசை எதிர்த்து ஒரு மாநிலம் எதைச் செய்தாலும் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். செய்தவரைப் பிடித்தால் வீரம் என்கிறார்கள், பிடிக்காவிட்டால் கலகம் என்கிறார்கள். சட்டம் செல்லாது என்று அறிவிப்பது வேறு, அந்தச் சட்டத்தை நிறைவேற்றக் கைகொடுக்க மறுப்பது வேறு. சாட்சியங்கள் குற்றத்தைக் காட்டியும், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவான ஜூரி ஒருவரை விடுவிப்பது இவ்விரண்டிலும் சேராத இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை எதையும் நேர்மையாக எடைபோட முடியாது என்பதே என் எண்ணம்.

கதை 1798இல் தொடங்குகிறது. அதிபர் ஜான் ஆடம்ஸின் காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய அரசு நிந்தனைச் சட்டம், அரசையும் காங்கிரஸையும் அதிபரையும் பற்றிப் பொய்யாகவும் தீய நோக்கத்தோடும் எழுதுவதைக் குற்றமாக்கியது. துணை அதிபர் பதவி மட்டும் அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. அன்று அப்பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் என்பதை நினைத்தால், சட்டம் யாருக்காக நெய்யப்பட்டது என்பது விளங்கிவிடும். வெர்மான்ட்டைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன், அதிபரைக் கண்டித்து எழுதியதற்காக நான்கு மாதச் சிறைத்தண்டனையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறைக்குள் இருந்தபடியே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீதிமன்றங்கள் எல்லாம் ஆளுங்கட்சியினர் கையில் இருந்த அந்தச் சூழலில், ஜெஃபர்சன் கென்டக்கி மாநிலத்துக்காகவும் ஜேம்ஸ் மேடிசன் வர்ஜீனியா மாநிலத்துக்காகவும் பெயர் வெளியிடாமல் தீர்மானங்களை எழுதிக்கொடுத்தார்கள். அரசியலமைப்பு என்பது மாநிலங்களுக்கிடையே ஏற்பட்ட ஓர் ஒப்பந்தம். அதை ஒன்றிய அரசு மீறும்போது ஒப்பந்ததாரர்களான மாநிலங்கள் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை என்பது அவற்றின் சாரம். செல்லாததாக்கமே உரிய பரிகாரம் என்ற வாசகத்தை ஜெஃபர்சன் தம் வரைவிலேயே எழுதியிருந்தார். கென்டக்கி சட்டமன்றம் 1798இல் அதை விட்டுவிட்டு, 1799இல் இயற்றிய அடுத்த தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தீர்மானங்களோடு வேறு எந்த மாநிலமும் சேரவில்லை. கென்டக்கியும் வர்ஜீனியாவுங்கூட யாரையும் எதையும் செய்யவிடாமல் தடுக்கவில்லை. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெஃபர்சன் வென்றார். அரசு நிந்தனைச் சட்டம் 1801 மார்ச்சில் காலாவதியானது. அதன்கீழ் தண்டனை பெற்றவர்களுக்கு அவர் மன்னிப்பு வழங்கினார். அநீதியான சட்டத்தை வீழ்த்தியது வாக்குச்சீட்டுதான். ஆனால் அந்த வாசகம் காகிதத்தில் தங்கிவிட்டது. ஒரு தலைமுறை கழித்து வேறொருவர் அதைக் கையில் எடுத்தார்.

அவர் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன். 1828ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் வட மாநிலத் தொழிற்சாலைகளைக் காப்பதற்காக இறக்குமதிப் பொருள்கள் மீது கடுமையான வரியை விதித்தது. பருத்தியை ஏற்றுமதி செய்து, வெளிநாட்டுப் பண்டங்களை வாங்கி வாழ்ந்த தெற்குக்கு அது இரட்டை அடியாக விழுந்தது. அப்போது துணை அதிபராக இருந்த கால்ஹூன், தம் பெயரை மறைத்து எழுதிய நீண்ட ஆவணத்தில், மேடிசனும் ஜெஃபர்சனும் சொன்னதை ஒரு முழு இயந்திரமாக வளர்த்தெடுத்தார். ஒரு மாநிலம் தன் மக்களின் சிறப்பு மாநாட்டைக் கூட்டி ஒன்றியச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு கூடி அரசியலமைப்பைத் திருத்தி அந்த அதிகாரத்தை ஒன்றியத்துக்கு வெளிப்படையாக வழங்கும்வரை அந்த அறிவிப்பே நிற்கும் என்பது அவர் வாதம். வரியின் பின்னால் வேறொன்றும் இருந்தது. 1830இல் எழுதிய ஒரு தனிப்பட்ட கடிதத்தில், சுங்கவரி இந்தப் பிரச்சினைக்கு ஒரு சந்தர்ப்பமே தவிர உண்மையான காரணம் அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒன்றிய அரசு இன்று வரியில் கைவைக்க விட்டால் நாளை அடிமைமுறையிலும் கைவைக்கும் என்பதே தெற்கின் அடிமனத்து அச்சம்.

1832 நவம்பர் 24 அன்று தென் கரோலினாவின் மாநாடு நிறைவேற்றிய ஆணையை முழுமையாக வாசிக்குமாறு இதைப் பற்றிப் பேசும் எல்லாரையும் கேட்டுக்கொள்வேன். அதன் முதல் பகுதி மட்டுமே மேற்கோள் காட்டப்படுகிறது. 1828, 1832 ஆகிய ஆண்டுகளின் சுங்கவரிச் சட்டங்கள் இம்மாநிலத்தையோ அதன் அலுவலர்களையோ குடிமக்களையோ கட்டுப்படுத்தா. 1833 பிப்ரவரி 1 முதல் அந்த வரிகளை இங்கே வசூலிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்கிறது அந்தப் பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் வருவதுதான். இந்த ஆணையின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்கும் எந்த வழக்கையும் ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகக் கொண்டுபோகக் கூடாது; முயல்பவர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி. சட்டமன்ற உறுப்பினர்கள் தவிர்த்த மாநில அலுவலர்கள் இந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். மறுத்தால் பதவி போகும். இது தொடர்பான வழக்குகளில் அமரும் ஜூரிகளும் அதே உறுதிமொழியை எடுக்க வேண்டும். ஒன்றிய அரசு படைபலத்தைக் காட்டினால் மாநிலம் பிரிந்து போய்விடும். சிறுபான்மையின் உரிமையைக் காக்கப் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட கோட்பாடு, அரசாணையாக உருவெடுத்த முதல் நாளிலேயே, தன் எல்லைக்குள் மாற்றுக் கருத்துக் கொண்ட சிறுபான்மையின் வாயைக் கட்டியது. நீதி கேட்கும் கதவையும் சாத்தியது. தென் கரோலினாவில் ஒன்றியத்தை ஆதரித்தவர்கள் கணிசமாகவே இருந்தார்கள். மாநாட்டில் ஆணையை எதிர்த்து 26 வாக்குகள் விழுந்தன, ஆதரித்து 136. அந்த 26 பேருக்கும் அவர்களை அனுப்பியவர்களுக்கும் கால்ஹூனின் இயந்திரத்தில் இடம் இல்லை.

அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் டிசம்பர் 10 அன்று வெளியிட்ட பிரகடனத்தில், ஒன்றியத்தின் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாததாக்கும் அதிகாரம் ஒன்றியம் இருப்பதற்கே ஒவ்வாதது என்றார். அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு, அதற்கிணங்க இயற்றப்படும் ஒன்றியச் சட்டங்களே நாட்டின் உச்சச் சட்டம் என்றும், மாநில நீதிபதிகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. கால்ஹூன் அந்த மாத இறுதியில் துணை அதிபர் பதவியை விட்டு விலகினார். இரு தரப்பும் இறங்கிவர வழி தேடிக் கொடுத்தவர் செனட் உறுப்பினர் ஹென்றி கிளே. வரியைப் படிப்படியாகக் குறைத்து 1842க்குள் உச்சமாக 20 சதவீதத்துக்குக் கொண்டுவரும் சட்டமும், வரியை வசூலிக்கப் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் சட்டமும் 1833 மார்ச் 2 அன்று ஒரே நாளில் கையெழுத்தாயின. தென் கரோலினா மாநாடு மறுபடி கூடித் தன் ஆணையைத் திரும்பப் பெற்றது. போகிறபோக்கில், இனி யார் மீதும் பாயப்போகாத அந்தப் படைச் சட்டத்தைச் செல்லாததாக்கிவிட்டுக் கலைந்தது.

இந்த விவாதத்தில் என்னை மிகவும் கவர்ந்த குரல் மேடிசனுடையது. எண்பது வயதைத் தொட்ட முதியவரான அவர், தம் 1798ஆம் ஆண்டு எழுத்துகளைக் கால்ஹூன் தரப்பு சாட்சியாக இழுப்பதைக் கண்டு, உடல் தளர்ந்த நிலையிலும் கடிதம் கடிதமாக எழுதி மறுத்தார். அவருடைய கணக்கு எளியது. அன்று மாநிலங்கள் 24. கால்ஹூனின் விதிப்படி அறிவிப்பைத் தள்ளுபடி செய்ய நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்றால், ஏழு மாநிலங்கள் சேர்ந்துகொண்டு மீதிப் பதினேழுக்கும் சட்டத்தையும் அரசியலமைப்பையுங்கூட விதிக்க முடியும். மாநிலங்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பலாம், கண்டிக்கலாம், அரசியலமைப்பைத் திருத்தலாம். தனியொரு மாநிலம் எல்லாருக்கும் பொதுவான ஒப்பந்தத்தின் பொருளைத் தனக்கென்று முடிவு செய்துகொள்ள முடியாது என்று அவர் பிரித்துக் காட்டினார். 1798இல் அவர் இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாரா என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானதே. ஆயினும் பின்னாளில் அவர் தந்த விடை எனக்கு மறுக்க முடியாததாகவே தோன்றுகிறது.

ஜாக்சனைக் கொள்கை வீரராக ஏற்றிப் போற்றுவதற்கு முன், அதே ஆண்டில் ஜார்ஜியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். பழங்குடியினரான செரோக்கி மக்களின் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டங்களுக்கு வேலையில்லை என்று 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மக்களோடு வாழ்ந்ததற்காக நான்கு ஆண்டுக் கடுங்காவல் பெற்றிருந்த சாமுவேல் வூஸ்டர் என்ற சமயப் பணியாளரும் அவருடைய தோழரும் உடனே விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஜார்ஜியா தீர்ப்பைப் பொருட்படுத்தவே இல்லை. ஜாக்சனும் விரலை அசைக்கவில்லை. தென் கரோலினாவோடு ஜார்ஜியா சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலை வந்த பிறகே சமரசப் பேச்சு நடந்து, 1833 ஜனவரியில் ஆளுநரின் மன்னிப்போடு இருவரும் வெளியே வந்தார்கள். செரோக்கி மக்களுக்கு அந்தத் தீர்ப்பால் எதுவும் கிடைக்கவில்லை. 1838இல் படைகளைக் கொண்டு அவர்களை மேற்கே விரட்டினார்கள், வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எந்த ஆணையும் எழுதாமல், எந்த மாநாடும் கூட்டாமல், ஒரு மாநிலம் ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வெறும் காகிதமாக்கிய நிகழ்வு இது. என் பார்வையில் தென் கரோலினாவின் பிரகடனத்தைவிட இதுவே முழுமையான செல்லாததாக்கம்.

அடுத்த முறை இந்தக் கோட்பாட்டை எடுத்தவர்கள் அடிமைமுறையின் எதிரிகள். தப்பியோடிய அடிமைகள் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டம், வட மாநிலங்களில் அடைக்கலம் புகுந்தவர்களையும் பிடித்து உடைமையாளரிடம் ஒப்படைக்கச் சொன்னது. பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்லக்கூட அனுமதிக்கவில்லை. மிசௌரியிலிருந்து தப்பி விஸ்கான்சினில் வாழ்ந்த ஜோஷுவா குளோவர் 1854 மார்ச்சில் பிடிபட்டார். மில்வாக்கி நகரில் திரண்ட கூட்டம் சிறைக் கதவை உடைத்து அவரை மீட்டது. அவர் கனடாவை அடைந்தார். கூட்டத்தைத் திரட்டிய பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் கைதானபோது, விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் ஒன்றியச் சட்டத்தையே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி அவரை விடுவித்தது. 1859இல் ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. ஒன்றியத்தின் மேலாண்மையை உறுதியோடு அதில் எழுதியவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கறுப்பின மக்கள் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ரோஜர் டேனி. விஸ்கான்சின் சட்டமன்றம் அதற்கு எதிராக இயற்றிய தீர்மானம் கென்டக்கியின் பழைய வாசகங்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது.

1860 டிசம்பரில் தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட காரண விளக்கத்தில், மெய்ன் முதல் அயோவா வரை வட மாநிலங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, இவை காங்கிரஸின் சட்டங்களைச் செல்லாததாக்குகின்றன, அல்லது நிறைவேற்ற முடியாதபடி செய்கின்றன என்று குற்றம் சாட்டியது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அதையே உரிமை என்று முழங்கிய அதே மாநிலம்! மாநில உரிமை என்ற கொள்கைக்காகவே தெற்கு பிரிந்தது என்று இன்றும் எழுதுபவர்கள் இந்த ஓர் ஆவணத்தையாவது வாசிக்க வேண்டும். ஒன்றிய அரசின் கை நீளமானது என்பதல்ல அதிலுள்ள புகார். அடிமைகளைப் பிடித்துத் தர அந்தக் கை போதுமான அளவு நீளவில்லை என்பதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் இதே வாதம் பள்ளி வாசலில் நின்றது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தென் மாநிலச் சட்டமன்றங்கள் பல 1956 முதல் தீர்மானங்கள் இயற்றி நிராகரித்தன. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல 1957இல் அதிபர் ஐசனோவர் படையை அனுப்ப வேண்டியிருந்தது. மறு ஆண்டு அது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே தீர்ப்பில் கையெழுத்திட்டு, மாநில அலுவலர் எவரும் இந்தத் தீர்ப்பை வெளிப்படையாகவோ சுற்றிவளைத்தோ செல்லாததாக்க முடியாது என்றார்கள். சட்ட அரங்கில் அந்தக் கோட்பாட்டின் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

முடியாமல் நிற்பது வேறொன்று. பலரும் அதைச் செல்லாததாக்கத்தோடு போட்டுக் குழப்புகிறார்கள். தப்பியோடியவர்களைப் பற்றிய 1842ஆம் ஆண்டு வழக்கில், ஒன்றியச் சட்டம் உயர்ந்தது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, அதை நிறைவேற்ற மாநில அலுவலர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற எண்ணத்துக்கும் இடம் தந்தது. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் தன் அலுவலர்களையும் சிறைச்சாலைகளையும் அந்த வேலைக்குத் தரமாட்டேன் என்று சட்டம் இயற்றியது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும்படி உள்ளூர்க் காவல் தலைவர்களுக்கு ஒன்றியம் உத்தரவிட முடியாது என்று 1997இல் வந்த தீர்ப்பும் அதே வழியில் நடந்தது. ஒன்றியம் தன் சட்டத்தைத் தன் ஆட்களைக் கொண்டு நிறைவேற்றிக்கொள்ளட்டும். எங்கள் ஆட்களைக் கேட்காதே என்பது இந்த நிலைப்பாடு. கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த 1996இல் கலிபோர்னியா அனுமதித்தது, ஆனால் ஒன்றியச் சட்டம் அங்கே செல்லாது என்று அது சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பயனில்லை. வீட்டில் சொந்த மருத்துவத் தேவைக்காக வளர்த்தவர்மீதும் ஒன்றியச் சட்டம் பாயலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நடைமுறையில் அது பெரும்பாலும் பாயாததற்குக் காரணம், வீடு வீடாகப் போக ஒன்றியத்திடம் ஆள்பலம் இல்லை என்பதே.

இந்த எல்லைக்கோடு எவ்வளவு நுண்ணியது என்பதை மிசௌரி காட்டியது. ஒன்றியத்தின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் சிலவற்றை அரசியலமைப்புக்கு முரணானவை, தன் எல்லைக்குள் செல்லாதவை என்று 2021இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. அவற்றை நிறைவேற்றும் காவல் அமைப்புகளுக்கு 50,000 டாலர் தண்டமும் விதித்தது. ஒன்றிய நீதிமன்றம் 2023இல் அதைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் அதை உறுதிசெய்தது. உதவ மறுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, ஆனால் ஒன்றியச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவிப்பதன் மூலம் அந்த மறுப்பைச் செய்ய முடியாது என்றது நீதிமன்றம். விளைவு ஒன்றுதானே, சொல்லும் காரணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உதவ மறுக்கும் மாநிலம் தன் செயலுக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. செல்லாது என்று அறிவிக்கும் மாநிலம் அந்தச் சட்டத்தை இயற்றிய மற்ற எல்லாரின் வாக்கையும் அழிக்க முற்படுகிறது. தன் குடிமகனிடம், இந்தச் சட்டம் உன்னைக் கட்டுப்படுத்தாது என்று உறுதி கூறி, ஒன்றியக் காவலர் வரும்போது அவனைக் காக்கவும் முடியாமல் கைவிடுகிறது.

ஜூரியின் கதைக்கு நியாயம் வேறு. 1670இல் லண்டனில், தடையை மீறித் தெருவில் சமயச் சொற்பொழிவு நடத்திய வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகிய இருவரையும் தண்டிக்கப் பன்னிருவர் மறுத்தார்கள். உணவும் நீரும் இன்றிப் பூட்டிவைத்தும் அவர்கள் மனம் மாறாததால் ஒவ்வொருவருக்கும் 40 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்துச் சிறை சென்ற எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்கில், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் வாகன் நிலைநாட்டினார். அடுத்த நூற்றாண்டில், வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தபோது, ஜூரிகள் திருட்டுப் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பெழுதி உயிர்களைக் காத்தார்கள். அந்த ஒரு ஷில்லிங் குறைப்பில் சட்டம் செல்லாது என்ற பிரகடனம் எதுவும் இல்லை. எதிரே நிற்கும் இந்த ஒருவரை இதற்காகத் தூக்கிலிட எங்கள் கை வராது என்பது மட்டுமே உண்டு. அடுத்த வழக்கை அது கட்டுப்படுத்தாது.

அதே அதிகாரம்தான் 1955இல் மிசிசிப்பியில் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்ற இருவரையும் விடுவித்தது. வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த அந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வந்தது. சில மாதங்களில் அந்த இருவரும் பணம் பெற்றுக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது என்பதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதைக் காட்டி, ஜூரியிடமிருந்து அந்த அதிகாரத்தைப் பறிக்க வேண்டும் என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. சட்டத்தை மீறி விடுவிக்கும் உரிமை இருக்கிறது என்று நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1895இல் வகுத்த நிலை சரியானது என்றே கருதுகிறேன். சொல்லிக்கொடுத்தால் மனச்சான்றின் கடைசிப் புகலிடமாக இருப்பது வழக்கமான சலுகையாகிவிடும். டில் வழக்கின் நோய் வேறிடத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் ஜூரிகளை வாக்காளர் பட்டியலிலிருந்து தேர்ந்தார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அங்கே, அந்தப் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. வாக்குரிமையை நடைமுறையாக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டமும், அரசு வழக்கறிஞர் இனத்தைக் காரணமாக்கி எவரையும் ஜூரியிலிருந்து விலக்கக் கூடாது என்ற 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அந்த நோயைத்தான் தொட்டன. விலக்கியதற்கு வேறு காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழி இன்றும் திறந்தே இருக்கிறது. சீர்திருத்தம் கோருபவர்கள் முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான்.